செம்பு வாசர்

எங்கள் அப்பாவுக்கு எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிற இடமெல்லாம் கார்புரேட்டர். டிராக்டரில் கார்புரேட்டரே கிடையாது என்று தம்பி பத்து வருசமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான். அப்பா கேட்டுக்கொள்வார், "செரி செரி" என்பார், மக்கா நாள் காலையில் "கார்ப்ரேட்டர்ல மறுபடி ஒழுகுது அம்மிணி" என்பார். அவர் கைக்கு முதலில் வந்த எஞ்சின் ஒரு பழைய புல்லட். அதில் எண்ணெய் போகும் வழியில் எந்தக் கோளாறு வந்தாலும் கழற்றுவது கார்புரேட்டரைத்தான். அந்தப் பெயர் அங்கிருந்து டிராக்டருக்கும் ஏறிவிட்டது. நான் பள்ளிக்கூடத்து டீச்சர், தப்பான சொல்லைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடுகிற ஆள். இதை மட்டும் திருத்தத் தோன்றியதில்லை. சரித்திரப்படி பார்த்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

எங்கள் வண்டி மாஸி ஃபெர்குசன் 1035. முப்பத்து சொச்சம் வருசத்துக்கு முன்னால் அப்பா பழசாகவே வாங்கியது. இதன் பாட்டன், ஹாரி ஃபெர்குசன் இங்கிலாந்தில் 1946இல் கொண்டுவந்த டி.இ.20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டர். பத்து வருசத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். முதலில் வந்தவை பெட்ரோலில் ஓடின, அப்புறம் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடுவதும் வந்தது, டீசல் 1951இல்தான். பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் தேதி தென்துருவம் போய்ச் சேர்ந்தது அந்த வகை டிராக்டர்களில்தான். எவரெஸ்ட் ஏறின மனுசன் உழுகிற வண்டியை ஓட்டிக்கொண்டு துருவத்துக்குப் போனார் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்க என்ன வெள்ளாமை?"

அந்த வம்சத்தில் அடுத்து வந்தது 35. சென்னையில் 1960இல் டாஃபே தொடங்கியது, அந்த 35இன் வழியில் 1035 இங்கே வந்தது, சிம்சன் மூணு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு. கார்புரேட்டர் வம்சத்தில் பிறந்து கார்புரேட்டர் இல்லாமல் போன வண்டி. பைக்கிலும் இப்போது அதே கதைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புது பைக் வாங்கும் பையன்களில் அநேகம் பேர் அந்தச் சொல்லையே மெக்கானிக் கடையில்தான் கேட்டிருப்பார்கள்.

டீசல் எஞ்சினில் காற்றும் எண்ணெயும் வெளியே கலப்பதில்லை. காற்று தனியாக உள்ளே போய் நசுங்கிச் சூடேறி நிற்கும், அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சும். அதற்கு முன்னால் டீசல் வருகிற வழி நீளம். டேங்க், டேப், தூக்கிக் கொடுக்கிற சின்ன பம்பு, வடிகட்டி, பெரிய பம்பு, அப்புறம் கெட்டியான இரும்புப் பைப்புகள். இந்த வழியில் எந்த மூட்டு தளர்ந்தாலும் இரண்டு கஷ்டம். டீசல் வெளியே வரும், காற்று உள்ளே போகும். வெளியே வருகிற டீசல் காசுக்குத்தான் கேடு. உள்ளே போகிற காற்று வண்டியையே நிறுத்திவிடும். டீசலை அழுத்தினால் தள்ளும், காற்றை அழுத்தினால் சுருங்கும், அவ்வளவுதான் விஷயம். குழாயில் ஒரு குமிழி இருந்தால் பம்பு அதைப் பிசைந்துகொண்டே இருக்கும், இன்ஜெக்டருக்கு ஒரு சொட்டும் போகாது. எங்கள் பக்கம் இதை "ஏர் புடிச்சிருச்சு" என்பார்கள். ஏர் பிடிக்கத்தான் வண்டியையே வாங்கினது என்று அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் யாரும் சிரித்து வெகுநாள் ஆகிவிட்டது.

எங்கள் வண்டியில் ஒழுகின இடம் வடிகட்டியின் தலை. வார்ப்பு அலுமினியம். டீசல் பைப் வந்து அதில் சேருகிற இடத்தில் ஒரு வளையம், அதன் நடுவே ஓட்டை போட்ட போல்ட், வளையத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் செம்பு வாசர். போல்ட்டை இறுக்கும்போது செம்பு நசுங்கி இரண்டு பக்கத்து மேடு பள்ளங்களிலும் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். நூறு வருசத்துக்கு மேலாக உலகம் முழுக்க இப்படித்தான். எளிமையான ஏற்பாடு, ஒழுங்காக நடத்தினால் ஆயுசுக்கும் சொட்டாது.

இரண்டு வருசமாகச் சொட்டியது. ராத்திரி டேப்பை மூடி வைத்தால் வடிகட்டியில் இருக்கிற டீசல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்ளும். விடிந்தால் வண்டி எழாது. டேப்பைத் திறந்து வைத்தால் காலையில் வண்டி எழும், ஆனால் கீழே வைத்த டப்பா நிறைந்திருக்கும். அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டார்.

தம்பிக்கு இந்த ஒழுகல் ஒரு சாக்காகிவிட்டது. அவன் திருப்பூரில் இருக்கிறான். அப்பாவுக்கு எழுபத்தொன்று. கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ராத்திரியில் அவர் ரோட்டில் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். "வண்டிய வித்துப் போட்டு ஊட்ல இருங்க" என்று அவன் சொல்வான். அப்பா பதில் பேசாமல் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். மாசி மாசம் ஒரு புரோக்கரையும் கூட்டி வந்தான். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, விரலால் வடிகட்டியைத் தடவி, அந்த ஈர விரலை எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினான். பிறகு சொன்ன விலை இரும்புக் கடை விலை. அப்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரத்தில் வெட்டு உத்தரவு வந்தது. எங்கள் பக்கம் மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்கால் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் சேர்ந்து கரும்பு விளைகிற நிலம். ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலை இருக்கிறது. பக்கத்திலேயே சேஷசாயி காகித ஆலை. கரும்பின் சாறு ஒரு ஆலைக்கு, சக்கை இன்னொரு ஆலைக்கு. அரவைக் காலத்தில் பள்ளிபாளையம் ரோட்டில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும், சைக்கிளில் போகிற பையன்கள் பின்னால் தொங்கிக் கரும்பு உருவுவார்கள். வெட்டின கரும்பைக் காட்டில் போட்டு வைக்க முடியாது. வெயில் ஏற ஏற எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஒரு நாளைக்குள் அரைத்தால் நல்லது. வெட்டு ஆள் காட்டுக்குள் இறங்கி, முதல் பாத்தி சாய்ந்த அன்றைக்கு மத்தியானம் எங்கள் வண்டி நின்றுவிட்டது. சொட்டு இப்போது ஓட்டமாகிவிட்டிருந்தது.

ஊரில் ஒரு பையன் மெக்கானிக் இருக்கிறான், முப்பத்தைந்து வயசிருக்கும். அப்பாவை மாமா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவான். அவன் வருவதற்குள் அப்பா தன் வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார். பார் சோப்பை நனைத்துத் தேய்ப்பது முதல் வைத்தியம். லாரிக்காரர்கள் டேங்க் ஓட்டைக்குச் செய்வது, சோப்பு டீசலில் கரையாது, வீடு வந்து சேரும்வரை தாங்கும். இரண்டாவது எம்-சீல். முந்தின வருசமே ஒரு உருண்டை ஒட்டியிருந்தது, எண்ணெய் ஈரத்தின் மேல் ஒட்டியதால் பொறுக்கு போல எழும்பி நின்றது. அதன் மேல் தப்பில்லை, காய்ந்த சுத்தமான இடம் அதற்கு வேணும். மூன்றாவது, குழாய்க்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப். மெக்கானிக் வந்ததும் முதலில் அதைத்தான் பிய்த்து எறிந்தான். "இதோட நாரு ஒண்ணு உள்ள போயி இன்ஜெக்டர்ல ஒக்காந்துச்சுன்னா, இந்த ஒழுகலே தேவலைம்பீங்க மாமா."

ஒழுகுவது வாசரிலா, வார்ப்பிலா என்பதில் அவனுக்குச் சந்தேகம். எல்லா இடமும் நனைந்து கிடக்கும்போது எது ஊற்று, எது ஓடின தண்ணி என்று தெரியாது. துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்து, ஊதி, வெயிலில் காய வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, உங்க பையில சாக்பீஸ் இருக்குங்களா?" என்றான். இருந்தது. இரண்டைக் கல்லில் நுணுக்கி, பஞ்சால் தொட்டு, அந்த வார்ப்பு முழுக்க வெள்ளை பூசினான். கையால் சின்ன பம்பை நாலு தடவை அமுக்கினான். வெள்ளையின் மேல் ஒரு கறுத்த கோடு மெதுவாக எழுந்தது. போல்ட் உட்காருகிற முகத்தில் தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, விரல் கணு அளவு போய் நின்றது. மயிரிழை போன்ற கோடுதான். பதினைந்து வருசமாகப் போர்டில் எழுதுகிறேன், சாக்பீஸ் இப்படித் தானாக ஒன்றை எழுதிக் காட்டி நான் பார்த்ததில்லை.

"வெடிச்சிருக்குது மாமா. இது இன்னைக்கு வந்தது இல்ல." போல்ட்டைக் கழற்றி மரையை வெயிலில் திருப்பிப் பார்த்தான். "யாரோ பைப் மாட்டி இழுத்திருக்காங்க."

ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு நீளப் பைப்பைச் செருகினால் கை பலம் மூன்று மடங்காகும். எங்கள் டூல் பெட்டியில் அப்படியொரு முக்கால் இஞ்ச் பைப் ரொம்ப காலமாகக் கிடக்கிறது, பிடித்துப் பிடித்து நடுவில் வழுவழுத்துப் போயிருக்கும். அப்பா அந்தப் பெட்டியைக் காலால் மெதுவாகத் தள்ளி டயருக்குப் பின்னால் வைத்தார். மெக்கானிக் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்று யூகிக்கக் கஷ்டமில்லை. ஒரு காலத்தில் ஒரு சொட்டு கசிந்திருக்கும். வாசர் பழசாகியிருக்கும், அவ்வளவுதான். செம்பு ஒரு தடவை நசுங்கினால் கெட்டித்துப் போகும், அடுத்த தடவை கழற்றி மாட்டும்போது அது நசுங்கிக் கொடுக்காது. அதை மாற்றாமல் கால் சுற்று இறுக்கினால் சொட்டு நிற்கும். ஆறு மாசம் கழித்து மறுபடி ஒரு சொட்டு, மறுபடி கால் சுற்று. போல்ட் இரும்பு, வார்ப்பு அலுமினியம். ஒவ்வொரு கால் சுற்றும் அந்த மரைக்குள் ஆப்பு அடிப்பது மாதிரி. ஒழுகிவிடுமோ என்று இறுக்கின இறுக்கில்தான் வெடித்திருக்கிறது. பழைய பெட்ரோல் டிராக்டர்களிலும் இதே கதைதான். அங்கே கார்புரேட்டர் உடம்பு துத்தநாகம் கலந்த வார்ப்பு, அதில் முறுக்குவது கூம்பு மரை போட்ட பித்தளை. கூம்பு உள்ளே போகப்போக அகலம் கூடும், கூடுதலாக அரைச் சுற்று போட்டால் வாய் பிளந்துவிடும். அங்கே ஒழுகுவது பெட்ரோல், அடியில் சூடான சைலன்சர் பைப். டீசல் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது. எங்கள் வீட்டில் இரண்டு வருசம் டப்பா வைத்தே ஓட்ட முடிந்தது அதனால்தான்.

புதுத் தலை வாங்கலாமா என்று ஈரோட்டுக் கடைகளுக்குப் போன் போட்டோம். இந்தப் பழைய அச்சுக்குப் பொருந்துவது இரண்டு நாளில் வரும் என்றார்கள். ஒரு கடையில் டூப்ளிகேட் இருந்தது. மெக்கானிக் வீடியோ காலில் அதன் மரையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினான். வாடகை டிராக்டர் எல்லாம் அரவைக் காலத்தில் ஏற்கெனவே யாருடைய காட்டிலோ நிற்கும். சாய்ந்த கரும்பு காட்டில் கிடந்தது. வார்ப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் ஸ்கூட்டியில் பள்ளிபாளையம் கிளம்பினோம்.

வெப்படை போகிற வழியில் ஒரு லேத் பட்டறை. சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். பட்டறைக்காரருக்கு முக்கால்வாசி வேலை தறி வேலைதான், ஷாஃப்ட், புஷ், தேய்ந்த பல்சக்கரம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் வருவார்கள், போர் போடுகிற வண்டியில் ஒழுகாத மூட்டு எது. அறுபது தாண்டின மனிதர், அப்பாவுக்கு இளையவர், பழக்கம் உண்டு. வார்ப்பை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தார்.

"வெல்டு வெக்கலாமாப்பா?" என்று கேட்டார் அப்பா.

"வேண்டாமுங்கண்ணா. முப்பது வருசம் டீசல் குடிச்ச அலுமினியம். சூடு பட்டா உள்ளிருந்து எண்ணெய் கக்கும், வெல்டு பஞ்சு மாதிரி வரும்." கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டே இருந்தார். "வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏத்துவாங்களே, பாத்திருக்கறீங்கள்ல? அப்பிடிப் பண்ணலாம்."

அப்பா பார்த்திருக்கிறார். நான் சின்னதில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மரச் சக்கரத்தைவிடச் சுற்றளவு கொஞ்சம் குறைவாக இரும்புப் பட்டை அடித்து, வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டை விரிந்ததும் நாலு பேர் கிடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணி ஊற்றுவார்கள். புகையும் ஆவியுமாக, பட்டை சுருங்கி, ஆரக்கால்கள் கிறீச்சென்று குடத்துக்குள் நெருங்கும். ஆணி இல்லாமலே பிடித்துக்கொள்ளும்.

அவர் முதலில் கோடு முடிகிற இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டார். வெடிப்பின் நுனி கூராக இருக்கிறவரை அது ஓடிக்கொண்டே இருக்கும், நுனியில் வட்ட ஓட்டை போட்டால் அங்கேயே நின்றுவிடும். மரை இருக்கிற அந்தக் குமிழின் வெளிப்பக்கத்தை லேத்தில் உருட்டிச் சமமாக்கினார். பிறகு ஒரு இரும்புத் துண்டில் வளையம் கடைந்தார். அளப்பது, கடைவது, அளப்பது. குமிழைவிட எவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டேன். "தலைமுடி கனத்துக்கும் கம்மி டீச்சரம்மா. கூடப் போனா அலுமினியம் நசுங்கிரும், கம்மியாப் போனா கழண்டு வந்துரும்." அந்தக் கோட்டுக்குள் மரைக்குப் போடுகிற பசையைத் தடவி இழுக்கவிட்டார். கேஸ் அடுப்பில் வளையம் நீலம் பாரிக்கும்வரை சூடாக்கி, குறட்டில் எடுத்து, ஒரே தட்டில் இறக்கினார். டிக் டிக் என்று சத்தம் வந்தது, அப்புறம் நின்றது. பார்த்தால் கோடு மூடியிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். எஞ்சின் சூட்டில் வளையம் மறுபடி விரிந்து தளராதா? அவர் சந்தோசப்பட்டார், கேட்டதற்கு. "இரும்பு ஒரு பங்கு விரிஞ்சா அலுமினியம் ரெண்டு பங்கு விரியும். சூடு ஏற ஏற உள்ள இருக்கறது இன்னும் நெருக்கும். கழட்டணும்னாதான் கஷ்டம்." பாடப் புத்தகத்தில் வெப்ப விரிவு என்று ஒரு பாடம் வருகிறது. தண்டவாள இடைவெளியை உதாரணம் சொல்லியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகப் போல்ட் உட்காருகிற முகத்தை ஒரு சீவு சீவிச் சமமாக்கினார். அப்பா சட்டைப் பையிலிருந்து பழைய செம்பு வாசர் இரண்டை எடுத்தார், புதுசு கிடைக்குமா என்று கேட்பதற்கு. பட்டறைக்காரர் அதையே வாங்கிக் கம்பியில் கோத்துத் தீயில் காட்டினார். செக்கச் சிவந்ததும் தண்ணிக்குள் போட்டார். இரும்பை இப்படிச் செய்தால் கெட்டிப்படும், செம்பு இளகும். எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "வளைச்சுப் பாருங்" என்றார். அப்பா இரண்டு விரலால் அமுக்கினார், வளைந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே அப்பா அதை நிமிர்த்தி வளைத்து, நிமிர்த்தி வளைத்துக் கொண்டிருந்தார்.

"இத்தனை வருசம் எனக்கு யாரும் சொல்லலியேப்பா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்போமுங்கண்ணா."

அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அவருடைய மகன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் சொல்கிறபடி கடைகிற மெஷினில் வேலை செய்கிறான். இந்தப் பட்டறைக்கு வர மாட்டான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

ஊருக்கு வந்து மாட்டும்போது இருட்டிவிட்டது. நான் டார்ச் பிடித்தேன். மெக்கானிக் குட்டை ஸ்பேனரை எடுத்து, அதையும் நுனியில் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இறுக்கினான். செம்பு நசுங்குவது கையில் தெரியும், மாவில் விரல் போகிற மாதிரி என்றான், அப்புறம் ஒரு இடத்தில் நிற்கும், அதோடு விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டான். அப்பா கை நீட்டி ஸ்பேனரைக் கேட்டார். அவன் கொடுத்தான். அப்பா அதே மாதிரி தலைக்குப் பக்கத்தில் பிடித்து, நின்ற இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு காற்று எடுக்கிற வேலை. வடிகட்டியின் மேல் திருகைத் தளர்த்திப் பம்பை அமுக்கினால் முதலில் வெறும் புஸ், அப்புறம் நுரை, அப்புறம் நுரையும் டீசலுமாக, கடைசியில் கண்ணாடி மாதிரி டீசல். அந்தத் திருகை மூடிவிட்டுப் பெரிய பம்பில் இருக்கிறதைத் திறந்து மறுபடி அதே கதை. கடைசியாக இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால் ஒவ்வொன்றிலும் துப்பும். மூன்றையும் இறுக்கினதும் வண்டி இருமிற்று, வெள்ளைப் புகை விட்டது, எழுந்தது. அரை மணி ஓடவிட்டு, மிச்சமிருந்த சாக்பீஸ் பொடியை மறுபடி பூசினோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "டிரெய்லருக்கு ஆள் போடுங்க, அப்பா ஓட்ட வேண்டாம்" என்று ஒரு மெசேஜ்.

அது மட்டும் நியாயம் என்று எனக்கும் பட்டது. மெக்கானிக்கின் மச்சான் ஓட்ட ஒத்துக்கொண்டான். அப்பா மட்கார்டு மேல் உட்கார்ந்து போனார். அதற்கு மேல் யாராலும் அவரைப் பின்னுக்குத் தள்ள முடியவில்லை. மக்கா நாள் காலை பத்து மணிக்குத்தான் திரும்பினார்கள். ஆலை வாசலில் வண்டிகள் நிறைய, வரிசை நகரவில்லையாம். காத்துக்கிடந்த டிரைவர்களில் இரண்டு பேர் பானெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து அந்த இரும்பு வளையத்தைப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா பட்டறைக்கு வழி சொல்லியிருக்கிறார். போன் நம்பர் கேட்டதற்கு, டீச்சர்கிட்ட இருக்குது என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க இன்டர்வெல்லில் எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. "ஏனுங் டீச்சர், கார்ப்ரேட்டருக்கு மோதிரம் போடறவரு நம்பருங்களா இது?"